ஆபீஸ் மெஷினில் அச்சான கலகங்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆர்.கே.ஓ. சினிமா கம்பெனியில் 1947-ல் செக்ரட்டரியாக இருந்தவர் எடித் ஐட். வேலை அதிகமில்லை. மேலதிகாரிக்கு அதில் வருத்தமும் இல்லை. சும்மா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னக் கூடாது, வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு மும்முரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் போட்ட கண்டிஷன். எடித் மும்முரமாகவே தெரிந்தார். வெள்ளைத் தாளும் கார்பன் தாளுமாக மாற்றி மாற்றி அடுக்கி டைப்ரைட்டரில் செருகி, ஒரே பக்கத்தை இரண்டு தடவை தட்டுவார். தடவைக்கு ஐந்தாறு பிரதி. மொத்தம் பத்துப் பன்னிரண்டு. தாள்களைச் சேர்த்துவிட்டால் பத்திரிகை தயார். பெயர் ‘வைஸ் வெர்ஸா’. பெண்களை நேசிக்கும் பெண்களுக்கென்று அமெரிக்காவில் வந்த முதல் பத்திரிகை என்று வரலாற்று நூல்கள் இன்று குறிப்பிடுவது அதைத்தான்.

சினிமா விமர்சனம், புத்தக விமர்சனம், கதை, கவிதை, தலையங்கம் என்று பெரும்பகுதியும் அவர் ஒருவரே எழுதியது. ஆசிரியர் பெயர் எங்கும் கிடையாது. விலையும் கிடையாது. ஆரம்பத்தில் சில பிரதிகளைத் தபாலில் அனுப்பினார். இந்த மாதிரி சமாசாரத்தைத் தபாலில் விட்டால் ஆபாசச் சட்டத்தில் கம்பி எண்ண வேண்டிவரும் என்று எச்சரிக்கை வந்ததும், நேரில் பார்த்துக் கையில் கொடுக்கத் தொடங்கினார். படித்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள், இன்னொருத்திக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒன்பது இதழ்கள் வந்தன. 1948-ல் வேலை மாறியது. புதிய இடத்தில் அந்த ஓய்வு நேரம் இல்லை. பத்திரிகை நின்றுவிட்டது.

ஆபீஸில் கொஞ்சம் சும்மா இருக்கும் நேரம், ஆபீஸ் டைப்ரைட்டர், ஆபீஸ் தாள். இந்த மூன்றும் இருந்தவரை பத்திரிகை இருந்தது. வீட்டிலேயே ஒட்டி, மடித்து, நாலு பேருக்கு அனுப்பப்பட்ட சின்னப் பத்திரிகைகளின் கதையை எந்த ஊரில் எடுத்துப் பார்த்தாலும் பின்னணியில் ஒரு கம்பெனியோ பள்ளிக்கூடமோ நிற்கிறது. தான் புரவலராக இருப்பது அந்த நிறுவனத்துக்கே தெரியாது. பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளாத கூட்டங்கள் பேசிக்கொள்ளக் கற்றது, முதலாளி வாங்கிப்போட்ட மெஷினில், அவர் வீட்டுக்குப் போன பிறகு.

எடித்துக்கு இந்த வித்தை எங்கிருந்து பிடிபட்டது? லாஸ் ஏஞ்சலிஸின் விஞ்ஞானக் கதை ரசிகர் வட்டத்தில் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது: டைக்ரினா. அந்த வட்டத்து ஆட்கள் ஏற்கெனவே பல வருஷமாக இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

விலாசம் போட்டதால் வந்த வினை

அவர்கள் கதை 1926 ஏப்ரலில் தொடங்குகிறது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற விஞ்ஞானக் கதை மாத இதழை ஆரம்பித்தார். சீக்கிரமே வாசகர் கடிதப் பகுதியும் வந்தது. கடிதம் எழுதியவர் பெயரோடு கதவு எண், தெரு, ஊர் என்று முழு விலாசத்தையும் போட்டார் கெர்ன்ஸ்பாக். விடலைப் பையன்கள் அதைப் பார்த்தார்கள். ஊரில் தன்னைப் போல் கிறுக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, முந்நூறு மைல் தள்ளி இன்னொரு கிறுக்கு இருப்பது விலாசத்தோடு தெரிந்தது. ஆசிரியருக்கு எழுதுவதோடு நிற்காமல் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். கடிதங்கள் சங்கமாயின. சங்கத்துக்கு ஒரு ஏடு தேவைப்பட்டது. 1930 மே மாதம் ரேமண்ட் பால்மரை ஆசிரியராகக் கொண்டு வந்த ‘தி காமெட்’டைத்தான் முதல் ரசிகர் ஏடு என்கிறார்கள். இந்த வகைக்கு ‘ஃபேன்ஸீன்’ என்று பெயர் சூட்டியவர் ரஸ் ஷோவனே என்ற ரசிகர், 1940-ல். பிற்பாடு முன்பாதி உதிர்ந்து வெறும் ‘ஸீன்’ ஆனது.

கிளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு பள்ளிக்கூடப் பையன்களும் இப்படி ஒன்று நடத்தினார்கள். ஐந்தே இதழ். 1933 ஜனவரியில் வந்த மூன்றாம் இதழில் சீகல் எழுதி ஷஸ்டர் படம் போட்ட கதையில் சூப்பர்மேன் என்று ஒருவன் வருகிறான். மொட்டைத் தலை, பிறர் மனத்தை ஆட்டிவைக்கும் சக்தி, வில்லன். அவனைத் திருப்பிப் போட்டு நல்லவனாக்கி, மேலங்கி மாட்டிப் பறக்கவிட்டது பின்னால். 1938-ல் அவன் மீதான உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் தனிக் கட்டுரை. ரே பிராட்பரியும் எழுத்தாளராக அறியப்படும் முன் 1939, 40-ல் ‘ஃபியூச்சூரியா ஃபேன்டாசியா’ என்று நாலு இதழ் கொண்டுவந்தவர்தான்.

அந்தக் காலத்து மெஷின்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழையின் அச்சகம் ஹெக்டோகிராஃப். தட்டில் ஜெலட்டினைக் காய்ச்சி ஊற்றி உறைய வைத்து, ஊதா மையில் எழுதிய தாளைக் கவிழ்த்தால் மை உறைவுக்குள் இறங்கும். பிறகு வெள்ளைத் தாளை ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுக்க வேண்டியதுதான். ஐம்பது பிரதி போனதும் எழுத்து மங்கிவிடும். கை ஒரு வாரத்துக்கு ஊதா. இதற்கு அடுத்த படி, நம் ஊர் யூனியன் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் கோலோச்சிய அதே சைக்ளோஸ்டைல். டைப்ரைட்டரில் ரிப்பனைத் தளர்த்திவிட்டு மெழுகு பூசிய ஸ்டென்சிலில் நேரடியாகத் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் ஆங்கில ‘ஓ’ வட்டமாக வெட்டுப்பட்டு விழுந்துவிடும். அப்புறம் எல்லாப் பிரதியிலும் அந்த இடத்தில் கறுப்புப் புள்ளி. தப்பு வந்தால் நகப்பூச்சு வாடை அடிக்கும் திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்ததும் மறுபடி தட்டலாம். உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் சில நூறு பிரதிகள் சுலபமாக வரும்.

காசு? பல ஏடுகளுக்குக் காசு கொடுத்தும் வாங்கலாம், ஆனால் அது மட்டமான வழி. இதழைப் படித்து விரிவாகக் கடிதம் எழுது; அல்லது கட்டுரை கொடு, படம் போடு; அல்லது உன் பத்திரிகையை எனக்கு அனுப்பு, என்னுடையதை நான் அனுப்புகிறேன். இது எழுதப்படாத சட்டம். சும்மா வாசகனாக இருந்துவிட்டுப் போக யாருக்கும் அனுமதி இல்லை. கடைசி இதழுக்குப் பதிலே போடாதவன் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். பெரிய பத்திரிகைக்கு லட்சம் வாசகர்கள் இருந்தாலும் அவர்களில் ஒருவரை இன்னொருவருக்குத் தெரியாது. நூறு பிரதி போகும் ஸீனில் நூறு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியும், பாதிப் பேருக்குள் சண்டையும் இருக்கும். அப்படித்தான் ஒரு ரசனை கூட்டமாகிறது, கூட்டம் தனக்கென்று பேச்சும் பழக்கமும் கொண்ட உபகலாசாரமாகிறது. கூட்டம் முதலில் உருவாகி, அப்புறம் அது தனக்கொரு பத்திரிகை ஆரம்பித்தது என்று நினைப்பது தலைகீழ்.

இவை எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல வரவில்லை. முக்கால்வாசி குப்பை. விஞ்ஞானக் கதைகளில் தொண்ணூறு சதவீதம் குப்பைதான், ஆனால் உலகத்தில் எதை எடுத்தாலும் தொண்ணூறு சதவீதம் குப்பைதான் என்று எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன் சொன்னது இந்த ரசிகர் உலகத்தில் பழமொழி மாதிரி. ஸீன்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஸ்டர்ஜன் தாராள மனசுக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

1966-ல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் வந்ததும் இந்த உலகத்துக்குள் பெண்கள் கூட்டமாக நுழைந்தார்கள். 1967-ல் ‘ஸ்பாக்கனேலியா’ வந்தது. அதன் இரண்டு ஆசிரியர்களும் பெண்கள். அடுத்த சில வருஷங்களில் தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகைகளே எழுதிய கதைகள் குவிந்தன. எல்லாக் கதையிலும் பதினைந்து வயதில் சகலகலாவல்லியான ஒருத்தி விண்கலத்தில் ஏறி, எல்லோரையும் காப்பாற்றி, எல்லோரையும் காதலில் விழவைத்தாள். பொறுக்கமாட்டாமல் பாலா ஸ்மித் 1973-ல் ‘மெனாஜரி’ என்ற ஸீனில் ஒரு சின்னக் கிண்டல் கதை எழுதினார். நாயகி பெயர் மேரி சூ. இன்று ஹாலிவுட் படத்துக் கதாநாயகியை யூடியூபில் ஒரு பையன் ‘மேரி சூ’ என்று திட்டினால், அந்த வசவு கிளம்பிய இடம் பெண்களே தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்ட ஒரு ரசிகர் ஏடு. வசவைக் கடன் வாங்கியவர்கள் அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வங்கி குமாஸ்தாவின் டைப்ரைட்டர்

சைக்ளோஸ்டைல் மெஷின் கைமாறும் இடத்தில் கலாசாரமும் கைமாறுகிறது. 1966 பிப்ரவரியில் பால் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கல்லூரி மாணவர் ராக் இசைக்கென்று ‘க்ராடாடி’ என்ற ஏட்டைத் தொடங்கினார். முன்பு விஞ்ஞானக் கதை ஸீன் நடத்தியவர். முதல் இதழை அச்சடித்தது புரூக்ளினில் டெட் வைட் என்ற இன்னொரு விஞ்ஞானக் கதை ரசிகரின் மெஷினில். ராக் இசையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு எழுத ஒரு இடம் அங்கே பிறந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ வந்தது அதற்கு அடுத்த வருஷம்தான்.

பத்து வருஷம் கழித்து லண்டன். மார்க் பெரி வங்கியில் குமாஸ்தா, பத்தொன்பது வயது. ரமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் இசைக் குழுவின் இசைத்தட்டில் பித்துப் பிடித்து, இந்த இசை பற்றி ஏதாவது பத்திரிகை வருகிறதா என்று இசைத்தட்டுக் கடையில் விசாரித்தார். அப்படி ஒன்றும் இல்லை, வேண்டுமானால் நீயே ஆரம்பியேன் என்று கேலியாகச் சொன்னார்கள். பையன் கேலியை உத்தரவாக எடுத்துக்கொண்டான். 1976 ஜூலையில் ‘ஸ்னிஃபிங் க்ளூ’ முதல் இதழ் வந்தது. குழந்தைகளுக்கான டைப்ரைட்டரில் தட்டிய பத்திகள், தடித்த ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு, எழுத்துப் பிழைகள் அடித்தது அடித்தபடி. முதல் ஐம்பது பிரதியை நகலெடுத்தது அவருடைய காதலி வேலை பார்த்த ஆபீஸ் மெஷினில். சில மாதத்தில் வங்கி வேலையை உதறினார். பன்னிரண்டாம் இதழுக்குள் விற்பனை பல ஆயிரத்தைத் தொட்டிருந்தது. 1977 கோடை முடிவில், பெரிய பத்திரிகைகள் எல்லாம் பங்க் பங்க் என்று எழுத ஆரம்பித்த சமயத்தில், கடையைக் கட்டினார். என்னைப் படித்தது போதும், நீங்கள் சொந்தமாக ஆரம்பியுங்கள் என்று அவர் வாசகர்களிடம் முன்பே சொல்லியிருந்தார். ஊருக்கு ஊர் ஆரம்பித்தும்விட்டார்கள்.

பங்க் என்றதும் நினைவுக்கு வரும் படம் ஒன்று உண்டு. கிதார் விரல் நிலைகள் மூன்றைக் கோணல்மாணலாக வரைந்து, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, போய் ஒரு குழு ஆரம்பி என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கும். ‘ஸ்னிஃபிங் க்ளூ’வில் வந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். வந்தது ‘சைட்பர்ன்ஸ்’ என்ற வேறொரு ஏட்டில். பத்திரிகைக்கும் இதே சூத்திரம்தான்: கத்தரி, பசை, ஒரு நகல் மெஷின்.

ஜெராக்ஸ் கம்பெனியின் 914 மாடல் 1959-ல் அறிமுகமானது. சாதாரணத் தாளில் பொத்தானை அமுக்கினால் நகல். ஒப்பந்தத்துக்கும் ரசீதுக்கும் என்று கொண்டுவந்த மெஷின். அதற்குச் சாம்பல் நிறம் சரியாகப் பிடிபடாது. புகைப்படத்தை வைத்தால் முகம் வெள்ளையும் கறுப்புமாகப் பிளந்து வரும். வெட்டி ஒட்டிய துண்டுத் தாளின் ஓரம் நிழலாகக் கோடு விழும். மெஷினின் இந்தக் குறைகளே ஒரு தலைமுறையின் அழகியல் ஆகின. இன்று விளம்பரக் கம்பெனிகள் அதே கோட்டையும் கறையையும் கம்ப்யூட்டரில் காசு செலவழித்து வரவழைக்கின்றன.

செய்முறை தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் நாலு ஏ4 தாளை எடுத்து நடுவில் மடித்துக்கொள்ளலாம். பதினாறு பக்கம் கிடைக்கும். ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம் அருகருகே, முதுகுப் பக்கம் 2-ம் 15-ம். எந்தத் தாளைப் பிரித்தாலும் அருகருகே இருக்கும் இரண்டு எண்ணையும் கூட்டினால் 17. இந்தக் கணக்கு மண்டையில் ஏறாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ‘பேக் டு பேக்’ போடச் சொன்னால், மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு பதினாலாம் பக்கம் வந்து கதாநாயகி கல்யாணத்துக்கு முன்னாலேயே செத்துப்போவாள். முதல் இதழில் இது நடக்காத ஸீன் ஆசிரியர் அபூர்வம். அப்புறம் நடு மடிப்பில் பின் அடிக்க வேண்டும். சாதாரண ஸ்டேப்ளர் அவ்வளவு தூரம் எட்டாது. அதற்கென்று நீளக் கை ஸ்டேப்ளர் உண்டு. அது இல்லாதவர்கள் அட்டைப்பெட்டிமேல் விரித்து வைத்து, ஸ்டேப்ளரைத் திறந்து குத்தி, பின்னின் கால்களை உள்ளே நகத்தால் மடக்குவார்கள்.

அமெரிக்காவில் நகல் கடைகளின் இரவு ஷிப்டில் வேலை பார்த்தவர்களே ஸீன் உலகத்தைக் காப்பாற்றினார்கள் என்றால் மிகையில்லை. ஐந்நூறு நகல் எடுத்துக்கொண்டு ஐம்பதுக்குப் பில் போடும் நண்பன் இருந்தால் பத்திரிகை பிழைத்தது. திருட்டுதான். அதைக் கொள்கையாகப் பேசியவர்களும் இருந்தார்கள், வெட்கப்பட்டுக்கொண்டே செய்தவர்களும் இருந்தார்கள்.

பெண்கள் முன்னுக்கு வரட்டும்

எண்பதுகளின் இறுதியில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒலிம்பியா என்ற சின்னக் கல்லூரி நகரம். புரூஸ் பாவிட் 1980-ல் ‘சப்டெரேனியன் பாப்’ என்று ஒரு ஸீன் தொடங்கியதும் இங்கேதான். அது சுருங்கி ‘சப் பாப்’ என்ற இசைத்தட்டுக் கம்பெனியாகி 1989-ல் நிர்வாணா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆனால் நிகழ்ச்சிகளில் மேடைக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் பெண்கள் பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. பங்க் எல்லோருக்கும் என்றார்கள். இடித்துத் தள்ளத் தெரிந்தவர்களுக்கு என்று அர்த்தம்.

டோபி வைல் 1988-ல் ‘ஜிக்ஸா’ என்ற ஸீனைத் தொடங்கினார். மாலி நியூமனும் அலிசன் வுல்ஃபும் ‘கேர்ள் ஜெர்ம்ஸ்’ கொண்டுவந்தார்கள். 1991 கோடையில் இவர்கள் தலைநகர் வாஷிங்டனில் கூடியபோது ஒற்றைத்தாளை மடித்த ‘ரயட் கர்ல்’ என்ற சிற்றேடு பிறந்தது. அதுவே ஓர் இயக்கத்தின் பெயரும் ஆயிற்று. நகலெடுத்த இடம்? அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகம். நியூமனுக்கு அங்கே பயிற்சி வேலை. அந்த ஜனநாயகத்தின் தலைமைப் பீடம் தன் தாளையும் டோனரையும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்களின் கோபத்துக்குத் தானம் செய்தது.

இந்த ஏடுகளில் எழுதப்பட்டவை பெரிய பத்திரிகையில் அச்சேற வாய்ப்பே இல்லாதவை. வீட்டுக்குள் நடந்த பாலியல் கொடுமை, உடம்பு பற்றிய வெட்கம், பட்டினி கிடந்து மெலிவது, சிநேகிதியோடு போட்டி, கருக்கலைப்பு. ஒருத்தி எழுதியதைப் படித்து எங்கோ மூன்றாயிரம் மைல் தள்ளி இன்னொருத்தி ஓர் உறையில் இரண்டு டாலர் நோட்டை மறைத்து வைத்துக் கடிதம் எழுதுவாள். அடுத்த மாதம் அவளே ஒரு ஸீன் ஆரம்பித்திருப்பாள். கெர்ன்ஸ்பாக்கின் விலாசம் இங்கேயும் வேலை செய்தது. 1992-ல் ‘நியூஸ்வீக்’ போன்ற பெரிய பத்திரிகைகள் தேடிக்கொண்டு வந்தன. பேசியவர்கள் சொன்னதை விட்டுவிட்டு அவர்கள் உடையைப் பற்றி எழுதின. பத்திரிகைகளுக்குப் பேட்டி கிடையாது என்று பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

இந்த இயக்கத்தைப் பற்றி இப்போது வரும் நூல்களிலும் படங்களிலும் புல்லரிப்பு சற்று அதிகம். பெரும்பாலும் வெள்ளைக்கார, நடுத்தர வர்க்க, கல்லூரிப் பெண்களின் கூட்டம் அது. நிற வேறுபாடு பற்றிப் பேச்செடுத்தால் அழுகையோ மௌனமோதான் பதிலாக வந்தது என்று உள்ளே இருந்த மற்ற பெண்களே எழுதினார்கள். எழுதியது எங்கே? இன்னொரு ஸீனில்தான். மிமி தி நுயென் 1997-ல் தொகுத்த ‘எவல்யூஷன் ஆஃப் எ ரேஸ் ரயட்’ பங்க் உலகத்து நிறவெறியைப் பங்க் பெண்களும் ஆண்களும் பங்க் வடிவத்திலேயே விசாரித்த தொகுப்பு. ஒரு இயக்கத்துக்குள்ளிருந்து அதைக் கண்டிக்க ஒரு ஜெராக்ஸ் மெஷின் போதும் என்பது எனக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த விஷயம்.

இன்னும் கறுப்பான நகைச்சுவையும் உண்டு. எய்ட்ஸ் நோயாளிகளைப் பாவம் என்றோ தியாகி என்றோ மட்டுமே பிறர் எழுதிக்கொண்டிருந்த 1990-ல், சான் ஃபிரான்சிஸ்கோவில் நோயாளிகளே ‘டிசீஸ்ட் பரையா நியூஸ்’ என்று ஆரம்பித்தார்கள். உடம்பு இளைத்துக்கொண்டே போகும் நோய்க்கு எதிராக, கொழுப்பும் சர்க்கரையும் கொட்டிய சமையல் குறிப்புப் பகுதி அதில் உண்டு. தொடங்கிய டாம் ஷியரர் அடுத்த வருஷமே இறந்தார். பேவுல்ஃப் தார்ன் தொடர்ந்து நடத்தி 1999-ல் இறந்தார். பத்திரிகையும் அவரோடு முடிந்தது.

இவ்வளவு சின்னப் பத்திரிகையைப் பார்த்து அரசாங்கம் பயப்படுமா? ஃப்ளோரிடாவில் மைக் டயானா ‘பாய்ல்ட் ஏஞ்சல்’ என்று ஒரு படக்கதை ஏடு வரைந்தார், முந்நூறு பிரதிதான். படங்கள் அருவருப்பானவை, மனசு கெட்டுப்போகிற மாதிரி. கல்லூரி மாணவர் கொலை வழக்கு ஒன்றில் அவர்மேல் வீண் சந்தேகம் வந்து போனபின், ஒரு போலீஸ்காரர் ரசிகர் வேஷத்தில் அவருடைய விலாசத்துக்குக் கடிதம் எழுதி இதழ்களை வரவழைத்தார். 1994-ல் ஆபாச வழக்கில் தண்டனை: மூவாயிரம் டாலர் அபராதம், 1,248 மணி நேரச் சமூக சேவை, மூன்று வருஷக் கண்காணிப்பு. வீட்டுக்குள் தனக்காகக்கூட ஆபாசமாக வரையக் கூடாது. சொல்லாமல் வந்து சோதனை போடலாம். நண்பர்களைக் கொண்டுவந்து சேர்த்த அதே விலாசம் போலீஸையும் கொண்டுவந்தது.

தனிச்சுற்றுக்கு மட்டும்

நம் ஊர்ச் சிற்றிதழ் வாசகருக்கு இதில் பாதி பழகிய கதை. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ 119 இதழ்கள் வந்தது. திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் அவர் வீடே அலுவலகம், வெளியிட்ட புத்தகங்களை அவரே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பின்வந்த எத்தனையோ ஏடுகளின் அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். பத்திரிகை நடத்தப் பதிவு வேண்டும் என்று 1867-ன் சட்டம் சொன்னதால், அந்த வம்பே வேண்டாம், இது நண்பர்களுக்குள் சுற்றும் தாள்தான் என்று ஒதுங்கிக்கொள்ளும் வரி. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை அச்சகத்தில் கோத்து அடித்தவை. எழுத்தாளர்கள் எழுத்தாளர்களுக்காக நடத்தியவை. ஸீன் என்று அவற்றைச் சொன்னால் சில ஆசிரியர்களின் ஆவி கோபித்துக்கொள்ளும்.

உண்மையான ஒப்புமை ஐரோப்பாவில் இருக்கிறது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே என்று அகதிகளாகச் சிதறியவர்கள், தமிழ் அச்சகமோ தமிழ் டைப்ரைட்டரோ எளிதில் கிடைக்காத ஊர்களில் பத்திரிகை ஆரம்பித்தார்கள். கையால் எழுதி அப்படியே நகலெடுத்த இதழ்களும் அவற்றில் உண்டு. ஜெர்மனியிலிருந்து ‘தூண்டில்’, சுவிட்சர்லாந்திலிருந்து ‘மனிதம்’, நார்வேயிலிருந்து ‘சுவடுகள்’, பெண்களின் ‘சக்தி’. ஒரு நாட்டு இதழ் இன்னொரு நாட்டுக்குத் தபாலில் போகும். அதைப் படித்தவர்கள் இலக்கியச் சந்திப்புகளில் ஒன்றுகூடுவார்கள். ஹோட்டலில் பாத்திரம் கழுவிய கையோடு எழுதியவர்கள். வதிவிட அனுமதிச் சிக்கல், சீதனம், சாதி, வீட்டுக்குள் ஆணாதிக்கம் என்று ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டார்கள். ஆயுதம் ஏந்திய எல்லாத் தரப்புகளையும் கேள்வி கேட்ட குரல்களும் அங்கே இருந்தன. அதற்கு விலை உண்டு. பாரிஸில் எழுத்தும் பதிப்பும் என்று இயங்கிய சபாலிங்கம் 1994 மே 1 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இதழ்களில் அவ்வளவு புனைபெயர்கள் ஏன் என்று கேட்பவர்கள் இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

காப்பகத்தில் ஒரு சங்கடம்

இப்போது ஸீன்கள் நூலகத்துக்குள் வந்துவிட்டன. ஒரு காலத்தில் ஸீன்களுக்கே டைரக்டரியாக இருந்த ‘ஃபேக்ட்ஷீட் ஃபைவ்’ சேர்த்த ஆயிரக்கணக்கான ஏடுகள் நியூயார்க் மாநில நூலகத்தில் இருக்கின்றன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் ரயட் கர்ல் தொகுப்பு. டோனர் உதிர்வதும் பின் துருப்பிடிப்பதும் மலிவுத்தாள் பழுப்பதும் இனிக் கொஞ்சம் மட்டுப்படும். நல்லதுதான்.

சிக்கல் ஸ்கேன் செய்யும்போது வருகிறது. பதினேழு வயதில் ஒருத்தி ஐம்பது பேருக்கென்று எழுதினாள். அந்த ஐம்பது பேர் யார் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் உறைமேல் விலாசம் எழுதியதே அவள்தான். முப்பது வருஷம் கழித்து அதைத் தேடுபொறியில் ஏற்றினால் அவள் மாமியாரும் மேனேஜரும் படிக்கலாம். ‘ஆன் அவர் பேக்ஸ்’ என்ற லெஸ்பியன் பத்திரிகையை ஓர் அமைப்பு முழுவதுமாக இணையத்தில் ஏற்றியபோது, அதில் படம் வந்திருந்த பெண்களின் சம்மதம் கேட்கப்படவில்லை என்று எதிர்ப்புக் கிளம்பி 2016-ல் இறக்க வேண்டியதாயிற்று. அது கடையில் விற்ற பத்திரிகை, அதற்கே அப்படி. ஸீன் நூலகர்கள் 2015-ல் தங்களுக்குள் ஒரு நெறிமுறை எழுதிக்கொண்டார்கள். தாளில் இருப்பதைப் படிப்பறையில் கொடுக்கலாம், இணையத்தில் போடுமுன் எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்பது அதன் போக்கு. ஆராய்ச்சியாளர்களுக்கு இது எரிச்சல். எனக்கு நூலகர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பொதுவெளிக்கு என்று எழுதாததைப் பொதுவெளியில் வைக்கும் உரிமை காலம் கடந்ததால் மட்டும் வந்துவிடாது.

புலம்பெயர் ஏடுகள் பலவற்றையும் இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கான ‘நூலகம்’ மின்காப்பகத்தில் இன்று பக்கம் பக்கமாகப் படிக்க முடிகிறது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையின் ஒரு பகுதியே இல்லை. அடுத்து ஆய்வு மாணவர்கள் வருவார்கள். எந்தப் புனைபெயர் யார் என்று அட்டவணை போடுவது ஆய்வின் முதல் படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எழுதியவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். சிலருடைய பெற்றோரும் சகோதரர்களும் இன்னும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். அட்டவணை போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடலாம்.